வேலையற்றவர் பணிக்கு ஆள் தேவை

1.

இந்தக் கதை ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் எனக்குக் கிடைத்தது. இதைவிடக் கௌரவமான ஓர் இடத்தைச் சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன். வேண்டாம், நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் டிவி, சத்தம் குறைக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான விவாதம்தான். கோட்டுப் போட்ட இரண்டு பேர், நடுவில் நெறியாளர், கீழே ஓடும் கேள்வி: 'உதவித்தொகை கைகொடுக்கிறதா, கெடுக்கிறதா?' கேமரா மெதுவாக நகர்ந்து நான்காவது நாற்காலிக்கு வந்தது. அதில் என் அத்தான் உட்கார்ந்திருந்தார். என் சொந்த அக்காவின் கணவர். என்னுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு.

கோட்டுப் போட்ட இருவருக்கும் கீழே 'நாடாளுமன்ற உறுப்பினர்' என்று எழுத்து வந்தது. நெறியாளருக்குக் கீழே அவர் பெயர் வந்தது. அத்தானுக்குக் கீழே 'வேலையற்றவர்' என்று வந்தது.

என் முறை வந்து நர்ஸ் கூப்பிட்டார். பக்கத்தில் இருந்தவரை அனுப்பிவிட்டேன். பல் வலி போன இடம் தெரியவில்லை.

2.

கதையின் முதல் வரியை இப்படி எழுதினேன்: 'வேலை என்பது மனிதனுக்கு வெறும் வருமானம் அல்ல, அது அவனுடைய

நிறுத்திவிட்டேன். இந்த வாக்கியம் எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்த ஊருக்கு எதற்கு டிக்கெட்?

அடுத்த முயற்சி: 'ஒரு காலத்தில் அலமாரிகளைத் தூக்கிய அந்தத் தோள், இன்று

'இன்று' என்று எழுதியதுமே பின்னணியில் வயலின் கேட்டது. அதையும் அடித்தேன்.

சரி, நேராகவே சொல்கிறேன். அத்தான் ஒரு மரச்சாமான் கடையின் டெலிவரி வண்டியில் வேலை பார்த்தார். கட்டில், சோபா, அலமாரி என்று எதையும் எந்த மாடிக்கும் ஏற்றிவிடுவார். ஒரு நாள் மூன்று கதவு அலமாரி ஒன்றை மாடிப்படி வளைவில் திருப்பிக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்பக்கம் அத்தான். மேல்பக்கம் பிடித்திருந்தவருக்குத் தும்மல் வந்தது.

அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் தலையெழுத்து ஒரு தும்மலில் மாறியது என்று எழுதினால் வாசகர் நம்பமாட்டார் என்று பயந்து, முதல் வரைவில் அதைப் பூகம்பமாக மாற்றியிருந்தேன். பூகம்பம் பெரிதாகிக்கொண்டே போனதால் திரும்பவும் தும்மலுக்கே வந்துவிட்டேன்.

வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. கை தோளுக்கு மேல் எழும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடை முதலாளி பூங்கொத்தோடு வந்து பார்த்தார். போகும்போது வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தோளைத் தவிர அத்தான் கற்சிலை மாதிரி இருப்பார். அகலமான மார்பு, கணீர்க் குரல், நல்ல சாப்பாட்டுக்காரர். பார்த்தால் எவருக்கும் இரக்கம் வராது. உதவித்தொகை வாங்குகிறவருக்கு இது ஒரு பெரிய குறை.

3.

இப்போது ஆலோசகர் வருகிறார். இந்தப் பாத்திரத்தில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது.

உதவித்தொகை வாங்குகிறவர்கள் வாராவாரம் வேலைவழி மையத்துக்குப் போய், வேலை தேடினோம் என்று ஆலோசகரிடம் காட்ட வேண்டும். என் வரைவில் அந்த ஆலோசகருக்கு மூக்கு நுனியில் கண்ணாடி மாட்டி, உதட்டைச் சுழிக்கவைத்து, கொடுமைக்காரியாக ஆக்கியிருந்தேன். அத்தானிடம் படித்துக் காட்டினேன்.

"தப்பு மாப்ள. அது பாவம், சின்னப் பொண்ணு. என்னைவிட அதுக்குத்தான் டென்ஷன் அதிகம்."

விஷயம் இதுதான். அந்தப் பெண்ணே ஒப்பந்த ஊழியர். யாரையாவது வேலையில் அமர்த்தினால்தான் அவருடைய ஒப்பந்தம் நீளும். அங்கே ஒவ்வொரு ஆலோசகர் மேசையிலும் ஒரு பித்தளை மணி உண்டு. தன்னிடம் வருகிறவருக்கு வேலை கிடைத்தால் அதை அடிக்க வேண்டும், எல்லோரும் எழுந்து கைதட்டுவார்கள். இவருடைய மணியை இதுவரை துடைக்கத்தான் முடிந்திருக்கிறது.

கண்ணாடியை எடுத்துவிட்டேன். உதட்டையும் நேராக்கிவிட்டேன்.

"சார், நீச்சல் பயிற்சியாளர் வேலைக்குப் போட்டீங்களே, என்ன ஆச்சு?" என்று ஒரு வாரம் கேட்டிருக்கிறார்.

"கூப்பிட்டாங்க மேடம். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னாங்க."

"காட்டினீங்களா?"

"இடது கையைக் காட்டினேன். ரெண்டும் வேணுமாம்."

ஆலோசகர் பெருமூச்சு விட்டார். "நான் அனுப்பல சார். கம்ப்யூட்டர்தான் உங்களுக்கு அதைப் பொருத்தமா காட்டுது. 'உடல் உழைப்பு'ன்னு போட்டா நீச்சலுக்கு அனுப்புது. அதை எடுத்துட்டா விமானப் பணிப்பெண் வேலைக்கு அனுப்புது."

"அதுக்கும் போட்டேனே மேடம். போடலைன்னா தொகையை நிறுத்திடுவீங்கன்னு."

"பதில் வந்துதா?"

"அடுத்த சுற்றுக்குப் போயிருக்கேன்."*

[*உண்மை. அத்தானின் பெயர் இரு பாலருக்கும் பொருந்தும். அதை இங்கே சொல்வதாக இல்லை.]

அதே வாரம் ஒரு சேனலிலிருந்து மையத்துக்குப் போன் வந்தது. உதவித்தொகையைக் குறைக்கும் மசோதா பற்றி நேரலை விவாதம் வைக்கிறார்கள், அதில் உட்காருவதற்கு ஒரு வேலையற்றவர் வேண்டும். ஆலோசகர் அத்தானைப் பார்த்தார்.

"சும்மா உக்காந்தா போதும் சார். 'வேலை தேடும் முயற்சி'ன்னு பதிஞ்சுக்கறேன்."

அத்தானிடம் நல்ல சட்டை இல்லை. அதனால்தான் அக்கா என் சட்டையைக் கேட்டு வாங்கிப்போனாள். கல்யாணத்துக்கு என்று சொன்னாள்.

4.

விவாதத்தைப் பிறகு முழுவதும் சத்தத்தோடு பார்த்தேன். கட்சிப் பெயர்கள் நமக்குத் தேவையில்லை. தொகையைக் குறைக்க வேண்டும் என்றவரை வெட்டுக்காரர் என்றும், கூட்ட வேண்டும் என்றவரைக் கொடைக்காரர் என்றும் வைத்துக்கொள்வோம்.

"இவரைப் போன்றவர்களை வேலையை நோக்கித் தள்ள வேண்டும்" என்றார் வெட்டுக்காரர்.

"இவரைப் போன்றவர்களைக் கைப்பிடித்துத் தூக்கிவிட வேண்டும்" என்றார் கொடைக்காரர்.

"தூக்கித் தூக்கித்தான் இவர்கள் கனத்துப்போய்விட்டார்கள்!"

"தள்ளுகிறீர்களே, கீழே பள்ளம் இருக்கிறது, தெரியுமா?"

"அரசு எத்தனை காலம் இவர்களைச் சுமக்கும்?"

"நடுவழியில் இறக்கி வைப்பீர்களா?"

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. இருவருமே 'இவரைப் போன்றவர்கள்' என்று சொல்லும்போது அத்தான் பக்கம் கையை நீட்டினார்கள். முகத்தைத் திருப்பவில்லை. அத்தான் பிறகு என்னிடம் சொன்னது: "பேசினதெல்லாம் அப்படியே எங்க வண்டி பாஷை மாப்ள. தள்ளு, தூக்கு, பிடி, இறக்கு. நடுவுல நான் அலமாரி மாதிரி நிக்கறேன். கதவு இடிச்சுடப் போகுதுன்னு எனக்கே பயமா இருந்தது."

கடைசியில் நெறியாளருக்கு அத்தான் ஞாபகம் வந்தது. "ஐயா, நேரம் முடியப்போகிறது. உங்களுக்கு என்ன வேண்டும்? ஒரே வார்த்தையில்!"

மற்ற மூவர் முன்னாலும் கண்ணாடித் தம்ளர் இருந்தது. அத்தான் முன்னால் இல்லை. சூடான விளக்குகளுக்கு அடியில் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தவர், கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார்.

"தண்ணி."

5.

தண்ணி என்றால் நம் மொழியில் என்னென்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலைக்குள் நாடு இரண்டாகிவிட்டது.

வெட்டுக்காரர் பேட்டி கொடுத்தார்: "நான் சொல்லவில்லை, அவர் வாயாலேயே வந்துவிட்டது. மக்கள் வரிப்பணம் எங்கே போகிறது என்று இப்போது புரிகிறதா?" கொடைக்காரர் பேட்டி கொடுத்தார்: "அது ஒரு வர்க்கத்தின் தாகம். அந்த ஒற்றைச் சொல்லில் ஒரு வரலாறு இருக்கிறது." பேராசிரியர் ஒருவர் அத்தானின் உச்சரிப்பை ஆராய்ந்து, 'ண்'ணில் கொடுத்த அழுத்தத்தை வைத்துப் பார்த்தால் அது குடிநீர்தான் என்று எழுதினார். இன்னொருவர் அதே அழுத்தத்தை வைத்து இல்லை என்றார்.

அத்தான் வாழ்க்கையில் குடித்ததே இல்லை. அதை ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

பிறகு கார்கள் வரத் தொடங்கின. எல்லாச் சேனலுக்கும் அத்தான் வேண்டும். இந்த முறை பணமும் கொடுத்தார்கள். வேலையற்றவராக வந்து உட்கார வேண்டும், கேட்கும்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒப்பனை அறையில் அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் வரைந்தார்கள். என் சட்டை ரொம்ப நன்றாக இருக்கிறதென்று கழற்றச் சொல்லி, காலர் நைந்த ஒரு சட்டை கொடுத்தார்கள். அது என் சட்டையைவிட விலை அதிகமாம். நைய வைப்பதற்குத் தனியாக ஆள் இருக்கிறாராம்.

இந்த இடத்தில் அத்தானை வெட்கத்தில் குறுகவைக்க நினைத்தேன். அப்படித்தானே எழுத வேண்டும்? ஆனால் அவர் சந்தோஷமாக இருந்தார். அதுதான் உண்மை.

"நீ சிரிக்காத மாப்ள. காலைல குளிச்சுட்டுக் கிளம்பறேன். வாசல்ல கார் நிக்குது. போற இடத்துல எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கு. வாங்க சார்னு ஒருத்தன் சொல்றான். சாயங்காலம் உடம்பு அசந்து வீட்டுக்கு வர்றேன். இதெல்லாம் போயி எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

அக்கா மட்டும் கேட்டாள்: "நீங்க ஒழுங்கா வேலைக்குப் போனப்ப ஒருத்தன் சைக்கிள் அனுப்பல. வேலை இல்லேன்னதும் கார் வருதே, இது என்ன கூத்து?"

என் மருமகள், அவர்களுடைய ஒரே பெண், கல்லூரியில் படிக்கிறாள். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சிலிருந்து யாராவது தண்ணி பாட்டிலை நீட்டுகிறார்கள். அவள் வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அப்பா, இனிமே அந்த நாற்காலில உக்காராதீங்க."

அத்தான் கையைக் கழுவிவிட்டு வந்து திரும்பவும் அவளருகிலேயே உட்கார்ந்தார். (இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அத்தான் எடுக்கச் சொல்லிவிட்டார்.)

6.

முடிவை மகள் எடுக்கவில்லை, அத்தானும் எடுக்கவில்லை. மணி எடுத்தது.

அத்தான் மறைக்கத் தெரியாதவர். வாராந்தரச் சந்திப்பில், சேனல்களில் பணம் கொடுக்கிறார்கள் என்று சொன்னார். ஆலோசகர் விழித்தார். விதிகளைப் புரட்டினார். பிறகு எழுந்து நின்றார்.

"சார், உங்களுக்கு வேலை கிடைச்சுடுச்சு!"

"என்ன வேலை மேடம்?"

"வேலையில்லாதவர் வேலை! நேரம் இருக்கு, சம்பளம் இருக்கு, போக வர வண்டி இருக்கு. இது வேலைதான் சார்!"

மணியை அடித்தார். அவ்வளவு நாள் துடைத்ததாலோ என்னவோ, கணீரென்று கேட்டதாம். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. அத்தானும் கைதட்டினார், தோள் அனுமதித்த அளவுக்கு. அன்றோடு உதவித்தொகை நின்றது.

தொகை நின்ற செய்தி சேனலுக்குப் போனது. தயாரிப்பாளர் போன் செய்தார்.

"சார், நீங்க இப்ப உதவித்தொகை வாங்கலையாமே?"

"இல்லைங்க. வேலை கிடைச்சுடுச்சுன்னு நிறுத்திட்டாங்க."

"என்ன வேலை?"

"உங்ககிட்ட பாக்கறதுதான்."

"அப்ப நீங்க வேலையில்லாதவர் இல்லையே சார்! வேலையிருக்கற ஆளை வேலையற்றவர்னு எப்படிக் காட்டறது? எங்களுக்குன்னு ஒரு நம்பகத்தன்மை இருக்கு."

கார் நின்றது. அத்தான் உதவித்தொகைக்கு மறுபடி மனுப் போட மையத்துக்குப் போய் வரிசையில் நின்றார்.

"முந்தைய வேலை ஏன் சார் போச்சு?" என்று ஆலோசகர் கேட்டார்.

"வேலை கிடைச்சதால போச்சு மேடம்."

அவர் அதை இரண்டு முறை தட்டச்சு செய்து பார்த்தார். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. 'பரிசீலனையில்' என்று மட்டும் போட்டு அனுப்பினார்.

அந்த வாரமே இரண்டு கட்சிகளிலிருந்தும் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால் அக்கா இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். இருவர் கையிலும் அத்தான் மேடையில் பேச வேண்டிய உரை இருந்தது. வெட்டுக்காரர் உரை: 'நான் ஒரு சாதாரண மனிதன். உதவித்தொகை நின்ற பிறகுதான் எனக்கு உழைக்கும் புத்தி வந்தது.' கொடைக்காரர் உரை: 'நான் ஒரு சாதாரண மனிதன். உதவித்தொகை நின்றதும் என் குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது.' ஊர் ஊராகப் போய்ச் சொன்னால் நல்ல சம்பளம்.

மருமகள் அறைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அத்தான் இரண்டையும் நிதானமாகப் படித்தார்.

"ரெண்டுலயும் என் தோள் வரலையே?"

"தோள் வேண்டாம் சார்" என்றார் ஒருவர். "தோளைச் சொன்னா, ஏதோ தனிப்பட்ட பிரச்சினை மாதிரி ஆயிடும்" என்றார் மற்றவர். அன்று அந்த வீட்டில் இரு கட்சிகளும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அத்தான் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குத் தோள்தானே பிரச்சினை? அது இல்லாம நான் என்னத்தைப் பேசறது? காபி ஆறுது, குடிங்க."

அவர்கள் போன பிறகு மருமகள் வந்து காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். போகிற போக்கில், "நாளைக்கு எனக்கு காலைலயே கிளாஸ் இருக்குப்பா, எழுப்பி விடுங்க" என்றாள்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல இடம்தான். ஆனால் இந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு போன் வந்தது.

7.

"சார், நான் வேலைவழி மையத்துலேருந்து பேசறேன். நீங்க அவரை வெச்சுக் கதை எழுதறீங்களாமே?"

பேசியது அந்த ஆலோசகர்தான். இந்த வாரம் வேறெதிலாவது ஈடுபட்டீர்களா என்று அத்தானிடம் கேட்டிருக்கிறார். அத்தான் சொல்லிவிட்டிருக்கிறார்: 'என் மச்சினன் கதையில வர்றேன் மேடம்.'

"ஆமாம்மா, எழுதறேன்."

"முழு நேரமா சார், பகுதி நேரமா?"

"கதையிலயா?"

"ஆமா சார். எத்தனை பக்கத்துல வர்றார்?"

"பெரும்பாலும் எல்லாத்துலயும்..."

"அப்ப முழு நேரம்னு போட்டுடவா?"

"ஐயோ, வேண்டாம்மா! ரெண்டாம் பகுதில பாதி வரைக்கும் நான்தான் பேசிட்டிருக்கேன். அவருக்குக் கூலி எதுவும் கிடையாது."

"கதையில என்ன செய்யறார்?"

"வேலை தேடறார்."

"அது நல்லது சார்." குரலில் நிம்மதி தெரிந்தது. "கடைசியில கிடைக்குதா?"

"இன்னும் எழுதல."

"கிடைச்சா ஆதாரம் கேப்பாங்க சார். ஏற்கெனவே தண்ணி விஷயத்துல எல்லாருக்கும் அவரைத் தெரியும். கதையில வேலை கிடைச்சுதுன்னு வந்தா, நிஜத்துல எங்கேயோ போறார்னு யாராவது எழுதிப் போடுவாங்க. மனு நின்னுடும்."

"சரி, கிடைக்கலைன்னு முடிச்சா?"

"முயற்சி போதலைன்னு சொல்லுவாங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "சார்... நானும் வர்றேனா?"

"வர்றீங்க. முதல்ல கெட்டவங்களா இருந்தீங்க. மாத்திட்டேன்."

"ரொம்ப நல்லவளா ஆக்கிடாதீங்க சார். மேல இருக்கறவங்க படிச்சா, மனசு இளகின ஆளுன்னு ஒப்பந்தத்தை முடிச்சுடுவாங்க."

ஆகவே வாசகரே, மேலே மூன்றாம் பகுதியில் இவரைப் பற்றி நான் எழுதிய நல்ல வார்த்தைகளை நீங்கள் கொஞ்சம் குறைத்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

8.

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதல் முடிவு: ஒரு பார்சல் நிறுவனத்தின் முகப்பு மேசையில் அத்தானுக்கு வேலை கிடைக்கிறது. உட்கார்ந்தே பார்க்கிற வேலை, கையைத் தூக்க வேண்டியதில்லை, அவர் மெல்ல - ஆலோசகர் சொன்னது ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். அதோடு, வெட்டுக்காரர் இதைப் படித்தால் 'பார்த்தீர்களா, நிறுத்தினோம், கிடைத்தது' என்பார்.

இரண்டாம் முடிவு: எதுவும் கிடைக்கவில்லை. அத்தான் ஜன்னலோரம் நின்று தெருவைப் - இது கொடைக்காரருக்குப் போய்ச் சேரும். மேலும், அத்தான் ஜன்னலோரம் நிற்கிற ஆள் இல்லை. அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தெரு கிடையாது, பக்கத்து வீட்டுச் சுவர்தான்.

மூன்றாம் முடிவு எனக்குப் பிடித்தது. மசோதா தோற்கிறது, தேர்தல் வருகிறது, வெட்டுக்காரர் கொடைக்காரர் இருவருமே தோற்று, அதே மையத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இருவரையும் நீச்சல் பயிற்சிக்கு அனுப்புகிறது. அத்தான் இதைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க எங்க நம்ம வரிசைக்கு வரப்போறாங்க?" என்றார்.

அக்காவிடம் யோசனை கேட்டேன்.

"முடிவு முடிவுன்னு ஏன்டா அலையறே? அந்த மனுஷன் உள்ளே குத்துக்கல்லாட்டம் உக்காந்து தாடியை மழிச்சிட்டிருக்கார். அவருக்கு என்ன முடிவு இப்ப?"

நேற்றுக் காலை அத்தான் என் வீட்டுக்கு வந்தார். இதுவரை எழுதியதை முழுவதும் படித்தார். 'விமானப் பணிப்பெண்' வருமிடத்தில் மீண்டும் சிரித்தார். ஐந்தாம் பகுதியில் ஒரு வாக்கியத்தைக் காட்டி, இது வேண்டாம் என்றார். எடுத்துவிட்டேன்.

"சரியா இருக்கா அத்தான்?"

"இருக்கு. ஆனா உன் கதையில நான் எப்பவும் உக்காந்துட்டே இருக்கேன் மாப்ள. டிவில உக்காந்தேன், ஆபீஸ்ல உக்காந்தேன், வீட்ல உக்காந்தேன்."

"எழுந்து நிக்கற மாதிரி எங்கேயாவது எழுதட்டுமா?"

"நீ எழுத வேண்டாம்" என்று சொல்லி எழுந்தார். தாள்களை அடுக்கி மேசைமேல் வைத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ காத்திருக்கிற இடத்துக்குப் போகிறவர் பார்க்கிற பார்வை அது.

"நேரமாச்சு மாப்ள, வரேன்."

"எங்கே அத்தான்?" என்று கேட்டேன்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். அக்காவுக்கும் மருமகளுக்கும் தெரியும், இப்போது எனக்கும் தெரியும். மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அதனால் இந்தக் கடைசி வரியை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது அவரை உட்காரவைக்காதீர்கள்.